இல்லாத பங்காளி

செய்தி நேராக வரவில்லை; மூன்று வாய் மாறி வந்தது. திருச்சுழி பஸ்ஸின் கண்டக்டர் யாரிடமோ சொல்லி, அந்த யாரோ பந்தல்குடிப் பெட்டிக்கடையில் வைத்து இன்னொருவரிடம் சொல்லி, அதை லாரி டிரைவர் ஐயாத்துரை மிளகாய் வத்தல் லோடோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்து, அருப்புக்கோட்டையில் சுழி ரோடு பிரிகிற இடத்திலிருந்த சங்கரலிங்கத்தின் கிளப்புக் கடையில் இறக்கினான்.

“சங்கதி கேட்டீங்களா? இந்த டவுனுல ஏதோ ஒரு கடையில, காலனிக்காரன் ஒருத்தன் சாதியை மறைச்சு உள்ளயே நிக்கிறானாம். தண்ணி மோந்து குடுக்குறான், இலை போடுறான், டீ ஆத்துறான். ஒரு வருசம் ரெண்டு வருசமில்ல, கன வருசமாம்.”

பெஞ்சில் இருந்தவர்களின் கையில் கிளாஸ்கள் அப்படியே நின்றன.

“எந்தக் கடையாம்?”

“அதான் தெரியலைங்கிறான்.”

“ஏலே, நான் இந்த ஊருல அஞ்சு கடையில குடிச்சிருக்கேன்டா” என்றார் பாலவனத்தத்திலிருந்து வந்திருந்த ஒருவர், வயிற்றைத் தடவிக்கொண்டே.

“அப்ப அவன் ஊத்துனது ஒன் வயித்துலதான் கெடக்கு. என்ன செய்யுதுன்னு கேட்டுப் பாரு, பதில் சொல்லும்” என்று ஐயாத்துரை சொல்ல, கடையே சிரித்தது.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் பாய்லர் பக்கத்தில் நின்ற பூமிநாதன். சிரித்து முடித்துவிட்டு, டீயை ஒரு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றியபடியே சொன்னான்: “அவனைச் சும்மா விடக்கூடாதுண்ணே. வேப்ப மரத்துல கட்டி வச்சுத் தோலை உரிக்கணும்.”

“அதுக்கு நீதான்டா சரியான ஆளு” என்றான் ஐயாத்துரை. “நடையைப் பாத்தே சாதி சொல்ற பய. நாலு கடைக்கு ஒரு சுத்துப் போயிட்டு வா பூமி, கையோட பிடிச்சிறலாம்.”

“பிடிச்சிருவோம்ணே.”

ஒரு சொட்டு டீகூடக் கீழே சிந்தவில்லை. அதுதான் அவனுக்கே பயமாக இருந்தது. கை அந்த அளவுக்குப் பழகிவிட்டிருந்தது. ஐயாத்துரை சுமந்து வந்து இறக்கிய ஆள் அவனேதான்.

அது 1975, மாசி மாதம். சிவராத்திரிக்கு இன்னும் இரண்டு வாரம் சொச்சம் இருந்தது.

பெற்றவள் வைத்த பெயர் மாரிச்சாமி. திருச்சுழிக்குத் தெற்கே, குண்டாற்றங்கரையை ஒட்டிய ஓர் ஊரின் காலனியில் பிறந்தவன். தகப்பன் முகம் தெரியாது. தாயும், எட்டு வயது மூத்த அக்காள் மூக்கம்மாளும் காட்டு வேலைக்குப் போய் வளர்த்தார்கள். மழை அடியோடு பொய்த்த அறுபத்தைந்தாம் வருஷம் தாய் போய்ச் சேர்ந்தாள். புதைத்த ஈரம் காயுமுன் மாரிச்சாமி டவுனுக்கு நடந்தான். பதினாறு வயது. வழியில் இரண்டு ஊருணி. இரண்டிலும் இவனை இறங்க விடமாட்டார்கள். இறங்க விட்டாலும் வெடித்த மண்தான் கிடந்தது. சங்கரலிங்கத்தின் கடை வாசலுக்கு வந்தபோது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான்.

சங்கரலிங்கம் நல்ல மனிதர். கல்லாவை விட்டு எழுந்து, தானே செம்பில் தண்ணீர் மோந்துகொண்டு வந்தார். குனிந்து நீட்டப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

“நீ என்ன ஆளுகடா தம்பி?”

பொய் சொல்லவேண்டும் என்று நினைத்து அவன் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. ஆனால் செம்பு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அதன் விளிம்பிலிருந்து ஒரு துளி இறங்கிக்கொண்டிருந்தது. ஊரில் தாயும் அக்காளும் யார் காட்டில் களை எடுத்தார்களோ அந்தச் சம்சாரிகளின் சாதிப் பெயரைச் சொன்னான். பெயர் என்ன என்றார். சுழிக் கோயில் சாமியின் பெயர்தான் வாயில் வந்தது. அந்தத் தேரை வருஷா வருஷம் தூரத்து வரப்பில் நின்று பார்த்தவன் அவன். செம்பு கைக்கு வந்தது. உதடு படாமல் அண்ணாந்து குடித்தான். பூமிநாதன் ஆனான்.

முதலில் சாணி தெளித்து வாசல் பெருக்கினான். பிறகு இலை எடுத்தான், மாவு ஆட்டினான். மூன்றாம் வருஷம் பாய்லர் அவன் கைக்கு வந்தது. டைபாய்டு காய்ச்சலில் இருபது நாள் கிடந்தபோது சங்கரலிங்கத்தின் மனைவி சண்முகவடிவு கஞ்சி வைத்து ஊட்டினாள். அவளை அவன் மதினி என்றும், அவரை அண்ணாச்சி என்றும் கூப்பிட்டான். அவர்களுக்கு நெடுங்காலம் பிள்ளை இல்லை. “கடவுளு ஒரு கண்ணை மூடிட்டு, இவன அனுப்பி இன்னொரு கண்ணைத் தொறந்துட்டாரு” என்று சங்கரலிங்கம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்தக் கடைக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. காலனி ஆட்கள் அதில்தான் உட்காரவேண்டும். அவர்களுக்கென்று சுவர் ஆணியில் தகரக் குவளைகள் தொங்கின. எழுபதாம் வருஷ வாக்கில், தனிக் குவளை வைத்தால் கேஸ் போடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. சங்கரலிங்கம் இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தார்.

“சட்டமெல்லாம் சரிதான் பூமி. நானும் மனுசன்தானே, யாரையும் வெறுக்கலை. ஆனா வயித்துக்குள்ள போறதுல்ல? மனசு ஒப்பணும்ல?”

வழி சொன்னவன் பூமிநாதன். “எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ் வாங்கிருவோம் அண்ணாச்சி. வெளிக் கிளாஸுக்கு மட்டும் அடியில ஒரு சிவப்புப் பொட்டு. ஊத்துறவனுக்குத் தெரிஞ்சாப் போதும்.”

அண்ணாச்சி அவனைக் கட்டிக்கொண்டார். பெயிண்டு டப்பாவும் தீக்குச்சியும் வைத்துக்கொண்டு, முப்பது கிளாஸுக்கும் பொட்டு வைத்தவனும் அவன்தான்.

அன்றிலிருந்து எந்தக் கிளாஸில் ஊற்றுவது என்பது அவன் பொறுப்பு ஆயிற்று. ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவன் பெஞ்சைத் தொடுமுன் ஒரு நொடி நிற்கிறானா, கண் முதலில் பலகாரத் தட்டுக்குப் போகிறதா கல்லாவில் இருப்பவர் முகத்துக்குப் போகிறதா, காசைக் கையில் கொடுக்கிறானா பலகையில் வைத்துவிட்டு விலகுகிறானா என்று பார்ப்பான்; அவ்வளவுதான். அந்த ஒரு நொடித் தயக்கம் அவன் உடம்புக்குள்ளும் இருந்தது. வெளுத்த சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்து, வாத்தியார் வேலைக்குப் படித்துவிட்டு வந்த காலனிப் பையன்களைக்கூட அவன் விடவில்லை. பெஞ்சில் இருப்பவர்கள் பந்தயம் கட்டுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே சொல்லுவான். “எப்படிடா?” என்று கேட்டால், “வாடை அடிக்கும்ணே” என்பான்.

நாளாக நாளாக இன்னொன்றும் நடந்தது. வெளிப் பெஞ்சுக்காரர்கள் மேல் அவனுக்கு நிஜமாகவே எரிச்சல் மூண்டது. ஏன் இப்படிக் குனிந்து வருகிறார்கள், ஏன் துண்டை அக்குளில் இடுக்குகிறார்கள், டீ வராவிட்டால் இரண்டாம் தடவை கூப்பிட்டால்தான் என்ன என்று பல்லைக் கடிப்பான். அவர்கள் குனியக் குனியத் தன் முதுகும் வெளியே தெரிந்துவிடும் போல இருந்தது. சங்கரலிங்கம் ‘கொஞ்சம் தள்ளி இருப்பா’ என்று சொல்லும் இடத்தில், இவன் ‘ஏய், எந்திரி’ என்றான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தபோது, இடுப்பில் காய்ச்சல் பிள்ளையோடு ஒரு பெண் வெளிப் பெஞ்சு ஓரத்தில் வந்து நின்றாள். டவுன் டாக்டரிடம் காட்டிவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள் போல.

“சாமி, ஒரு டீ குடுங்க சாமி.”

குரலைக் கேட்டுத்தான் நிமிர்ந்தான். மூக்கம்மாள். அவள் அவனைப் பார்க்கவில்லை; பாய்லரைப் பார்த்தாள்; சிவப்புப் பொட்டுக் கிளாஸை வாங்கிக்கொண்டாள். உள்ளிருந்து யாரோ, “பூமி, வழியில நிக்குது பாரு” என்றார்கள்.

“ஏய், தள்ளி நில்லு” என்றான் கூடப் பிறந்தவளிடம்.

தள்ளி நின்று குடித்தாள். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பஸ் ஏறிப் போனாள்.

அவளை அவன் வருஷத்துக்கு ஒரு நாள்தான் பார்ப்பான். அதற்குக் காரணம் களரி.

அந்தப் பக்கத்தில் மாசிச் சிவராத்திரிக்கு அவரவர் குலசாமியைத் தேடிப் போவார்கள். பம்பாய்க்குப் பிழைக்கப் போனவன்கூட அன்றைக்கு வந்துவிடுவான். அதைத்தான் மாசிக் களரி என்பது. ஒரு சாமியைக் கும்பிடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் பங்காளி. வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு என்று எண்ணி வைத்திருப்பார்கள். எந்த வீடு, யார் பிள்ளை என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் இருக்கவே முடியாது. முதல் வருஷமே சங்கரலிங்கம் கேட்டார்: “ஒங்க சாமி எங்கடா இருக்கு?” சாமி இல்லாத ஆள் என்று ஒருவன் உண்டா? சொல்லித்தான் ஆகவேண்டும். ஊர்ச் சம்சாரிகள் கும்பிடுகிற ஆற்றங்கரை அய்யனாரைச் சொன்னான். “அப்ப நீ போயிட்டு வரணும். சாமிக் காரியத்துக்கு லீவு இல்லைன்னு சொன்னா எனக்கு ஆகாது” என்று பஸ்ஸுக்கும் கொடுத்து அனுப்பினார்.

இவன் அய்யனார் கோயில் இருந்த திசைக்கே போகமாட்டான். காலனிக்குப் போய், மூக்கம்மாள் குடிசையில் பகல் முழுக்கப் படுத்துக் கிடப்பான். அந்த ஒரு நாள் மாரிச்சாமியாக இருப்பான். திரும்பும்போது கையில் திருநீறு வேண்டுமே? வெறுங்கையோடு போனால் மதினி கேட்பாளே? மூக்கம்மாள்தான் தன் அடுப்பில் எரிந்த எருவாட்டிச் சாம்பலைப் பழைய சேலைத் துணியில் சலித்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

வருஷம் தவறாமல் சண்முகவடிவு அந்தச் சாம்பலை நெற்றியில் இட்டு, ஒரு விரல் வாயிலும் போட்டுக்கொண்டாள். எட்டாம் வருஷம் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. பெண் பிறந்தது. கஸ்தூரி என்று பெயர் வைத்தார்கள்.

போன வருஷக் களரியன்று இதைக் கேட்டு மூக்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஏலே மாரி, எங்க அடுப்புச் சாம்பலுக்கு இம்புட்டுச் சத்தா? இத மூட்டை கட்டி வித்துருந்தா நான் ராமசுப்பு காட்டுல ஏன் மொளகாப் பழம் எடுக்கேன்?”

“மெதுவாப் பேசுக்கா.”

“ஆமா, ‘தள்ளி நில்லு’ன்னு சொல்லும்போது மட்டும் சத்தமாச் சொல்லத் தெரியுது. கூடப் பெறந்தவளுக்கு ஒரு ‘ங்க’ போட்டா அந்தப் பாய்லரு வெடிச்சிருமாக்கும்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவன் அழுதான். அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “போதும்டா. வேற ஊருக்கு, மெட்ராஸு கிட்ராஸுன்னு போயிரு. ராமசுப்பு காதுல விழுந்தா உன்னை மட்டுமா, எங்களையும் சேத்துல்ல... மூணு பிள்ளைகளை வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?”

ராமசுப்பு அந்த ஊர்ப் பெரிய சம்சாரி. அய்யனார் கோயிலுக்கு முதல் மரியாதைக்காரர். காலனியில் பாதிப் பேர் அவர் காட்டைத்தான் நம்பியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் காலனி வண்டிப் பாதையிலிருந்து வந்து பஸ்ஸை நிறுத்தினான். கண்டக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்ததும், “எங்கருந்து வாரீக?” என்று கேட்டதும் இப்போது நினைவுக்கு வந்தது. ஐயாத்துரை இறக்கிய செய்தி அங்கேதான் முளைத்திருக்கவேண்டும்.

செய்தி வந்த அன்றே சண்முகவடிவின் காதுக்கும் போயிற்று. அடுப்படி வாசலில் கஸ்தூரி அவன் இடுப்பில் இருந்தாள். அவன் பிய்த்து ஊதிக் கொடுத்த இட்லியை வாங்கிக்கொண்டிருந்தாள்.

“கேட்டியா பூமி இந்தக் கூத்த? எந்தக் கடைக்காரன் பொண்டாட்டி பாவமோ. நம்ம கடையில அப்படி ஒருத்தன் நின்னு, இந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுத்துருந்தா, நான் நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் செத்துருவேன்.” சொல்லிவிட்டு, பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்தாள். “இன்னொரு வாய் குடு, ஒன்கிட்டன்னாதான் திங்கிறா.”

கொடுத்தான்.

“இந்த வருசம் உன்னைத் தனியா அனுப்புறதா இல்ல. நாங்களும் களரிக்கு வாரோம். இவளுக்கு மொத மொட்டை எங்க சாமிக்குப் போட்டாச்சு. ரெண்டாவது மொட்டை ஒங்க அய்யனாருக்குன்னு நேந்திருக்கேன். அந்தத் திருநீறு இல்லைன்னா இவ ஏது? அண்ணாச்சி வேனுக்குச் சொல்லிட்டாக.”

அவன் பிள்ளையின் தலைமுடியைத் தடவினான்.

அன்றைக்கும் மறுநாளும் அவன் மனது தறி நாடா போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. ஓடிவிடலாம்; ஆனால் ஓடினால் சங்கரலிங்கம் பிள்ளையைத் தேடுவது போலத் தேடி நேரே ஆற்றங்கரைக்குத்தான் போவார். பங்காளிச் சண்டை, போக்குவரத்து இல்லை என்று சொல்லலாம். அவர் சமாதானம் பண்ணி வைக்கிறேன் என்று வெற்றிலை பாக்கோடு கிளம்புவார். உண்மையைச் சொல்லலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்வேன் என்றவளிடமா? இட்லி ஊட்டிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மூன்றாம் நாள் காலை, பொறுக்க முடியாமல், கல்லா முன்னால் போய் நின்றான்.

“அண்ணாச்சி, இந்த வருசம் எங்க களரி நடக்காது. பங்காளியில பெரிய தலை சாஞ்சிருச்சாம். சுழி பஸ்ஸுல வந்தவுக சொன்னாக.”

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் சாமி கும்பிடுவதை அந்த வருஷம் நிறுத்திவிடுவார்கள். அதை நம்பித்தான் சொன்னான். ஒரு மரணத்தைவிடப் பத்திரமான பொய் வேறு எது என்று நினைத்தான்.

சங்கரலிங்கம் பதறி எழுந்தார். “அட, யாருடா?”

பெயரை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. அந்தச் சாதியில், அந்த ஊரில், அவனுக்குத் தெரிந்த பெரிய தலை ஒன்றே ஒன்றுதான்.

“ராமசுப்பு பெரியப்பா.”

“ஏலே கிறுக்கா, பெரியப்பா செத்துட்டாருன்னு சேதி வருது, நீ நின்னு டீ ஆத்திக்கிட்டு இருக்கியா? தலை முழுகுனியா?”

“தூரத்துப் பங்காளி அண்ணாச்சி...”

“தூரமாவது கிட்டமாவது! ஒரே சாமியக் கும்பிட்டாப் பங்காளிதான். போடா, போயி மொதல்ல முழுகு.”

நகராட்சிக் குழாயடியில் உட்கார்ந்து, உயிரோடிருந்த மனிதருக்காகத் தலைமுழுகினான். ஈரத்தோடு திரும்பியபோது கடை வாசலில் சண்முகவடிவு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“பூமி, தப்பா நெனைக்காத. தீட்டு வந்துருச்சுல்ல. பதினாறு கழியிற வரைக்கும் நீ உள்ள வர வேணாம்ப்பா. வெளிப் பெஞ்சுல இரு. நானே சோறு கொண்டாந்து தாரேன்.”

கஸ்தூரி அவளிடமிருந்து திமிறிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். பழக்கத்தில் அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். சண்முகவடிவு ஒரு அடி பின்னால் வைத்தாள், பாசத்தோடுதான் வைத்தாள். “பதினாறே நாள்டி, அப்புறம் சித்தப்பாதான் தூக்குவான்” என்றாள் பிள்ளையிடம்.

பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவன் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தான். மரம் சூடாக இருந்தது. பக்கத்தில் கல் உடைக்கப் போகும் காலனிக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்; இவனைக் கண்டதும் பழைய பயத்தில் எழுந்துவிட்டார். “இருங்க” என்றான் பூமிநாதன். அவர் நம்பவில்லை, பாதி டீயோடு போய்விட்டார். பதினாறு நாள் தீட்டு என்பது எவ்வளவு சொகுசான சங்கதி என்று அவன் அப்போது நினைத்தான். பதினேழாம் நாள் அது கழிந்துவிடும்.

சங்கரலிங்கம் அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பான். அவர் விடக்கூடிய மனிதர் இல்லை.

“ஒனக்குன்னு யாருடா இருக்கா?” என்றார் வெளியே வந்து. “துட்டி கேக்க நாங்க வரலைன்னா அங்க உன் பங்காளிக மத்தியில உனக்கு என்ன மரியாதை இருக்கும்? நாளைக்கே போறோம். மாலை வாங்கிட்டு, நானும் மதினியும் வாரோம்.”

துட்டி கேட்பது என்றால் சாவு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, துக்கத்தில் பங்கெடுத்துவிட்டு வருவது. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னித்துவிடுவார்கள்; துட்டிக்குப் போகாவிட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம். அண்ணாச்சி அவனை அறுத்துவிட விரும்பவில்லை.

“வேணாம் அண்ணாச்சி. வெயிலு... கடை...”

“கடை கெடக்கு கழுதை.” உள்ளே போய், போன வருஷம் வாங்கிக் கல்லாவில் வைத்திருந்த கறுப்பு ஃபோனை எடுத்தார். எக்ஸ்சேஞ்சில் சொல்லி, திருச்சுழிக்கு டிரங்க் கால் புக் செய்தார். அங்கே வத்தல் வியாபாரி அருஞ்சுனை அவருடைய இருபது வருஷக் கூட்டாளி. ஊர்ப் பக்கம் எல்லாரையும் அறிந்தவர். எப்போது எடுத்தார்கள், எந்த வீட்டுக்குப் போய்க் கேட்கவேண்டும் என்று அவரிடம் தெரிந்துகொண்டு போவதுதான் முறை.

இரண்டு மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. அருஞ்சுனை மதுரைக்குப் போயிருந்தார். “வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க! துட்டி விசயம்! துட்டி!” என்று சங்கரலிங்கம் கடை அதிரக் கத்தினார். நாளைக் காலையில் கூப்பிடுவார் என்று பதில் வந்தது.

வெளிப் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

அருஞ்சுனை என்ன செய்வார் என்று அவனுக்கு எழுதிப் படித்தது போலத் தெரிந்தது. “ராமசுப்பு செத்தாரா? முந்தாநேத்து வத்தல் மூட்டையோட வந்தாரே!” என்பார். சிரிப்பார். பிறகு ஆள் அனுப்பி ராமசுப்புவையே கூட்டிவந்து ஃபோனில் பேச வைப்பார். ராமசுப்பு, “டவுனுல எங்களுக்குப் பங்காளியா? எங்களுக்குப் பத்தொம்பது தலைக்கட்டுதானே, யாரு அந்த இருபதாவது?” என்பார். கண்டக்டர் சொன்ன கதை சுழியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு நூலும் ஒரே முடிச்சில் விழ எத்தனை நேரமாகும்? தன்னைச் சாகடித்தவன் காலனிக்காரன், தன் காட்டில் பழம் எடுக்கிறவளின் தம்பி என்று தெரிந்தால், ராமசுப்பு டவுனுக்கு வரவேண்டிய அவசியமில்லை. வரப்பில் இறங்கி நடந்தால் போதும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் மூக்கம்மாளைக் கிளப்பிக்கொண்டு போய்விடவேண்டும் என்று எழுந்தான். ரோட்டில் கால் வைத்தவன் நின்றான். தான் போன பிறகு ஃபோன் வந்தால் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தான் இங்கே இருந்து, ஃபோனைத் தானே எடுத்து, ‘சங்கரலிங்கம்தான் பேசுறேன், துட்டி விசயம் தப்பாச் சொல்லிட்டாங்க, ஒண்ணுமில்ல’ என்று வைத்துவிட்டால்? ஒரு நிமிஷ வேலை. நேற்று வரைக்கும் அந்த ஃபோன் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நேற்றுத் தானே சொன்ன பொய்யால் இன்றைக்கு வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான்.

முதல் பஸ் போயிற்று. ஒன்பது மணி பஸ்ஸும் போயிற்று. கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“பெரியப்பா மேல அம்புட்டுப் பாசமாடா?” என்றான் டீ குடிக்க வந்த ஐயாத்துரை, இவன் முகத்தைப் பார்த்துவிட்டு. “போனவுக போயிட்டாக. எந்திரிச்சு ஒரு டீயக் குடி. அண்ணாச்சி, இவனுக்கு எதுல ஊத்த, உள் கிளாஸா வெளிக் கிளாஸா?” தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்தான். சங்கரலிங்கம், “ஏய், துக்கத்துல இருக்கான், சும்மா இரு” என்று அதட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டார். “பூமி, நான் பூக்கடை வரைக்கும் போயி நல்ல ரோசாப்பூ மாலையாச் சொல்லிட்டு வாரேன். மதினி இட்லி மாவு வழிச்சு வச்சதும் கெளம்பிறலாம். பன்னெண்டு மணி பஸ்ஸு.”

அவர் தலை தெருமுனையில் மறைந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. ஃபோன் அடித்தது.

டிரங்க் கால் மணி உள்ளூர் மணி போல இராது. விட்டு விட்டு அடிக்காமல் நீளமாக இழுத்து அடிக்கும். பெஞ்சில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள்.

“ஏப்பா, சுழிக் காலு! யாராச்சும் எடுங்க!”

“மொதலாளி வீட்டு ஃபோன நாம எப்படித் தொட?” என்றார் ஒருவர்.

பூமிநாதன் வாசற்படியைத் தாண்டினான். யாரும் தடுக்கவில்லை. உள்ளே ஈரச் சிமிண்டுத் தரை காலில் குளிர்ந்தது. கல்லாவை அடைந்துவிட்டான். கை கருவியின் மேல் போயிற்று. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மறுமுனையில் இருப்பவர் இருபது வருஷமாகச் சங்கரலிங்கத்தின் குரலைக் கேட்டுப் பழகியவர். ‘சங்கரலிங்கம்தான் பேசுறேன்’ என்று சொன்ன மாத்திரத்தில் ‘நீ யாருடா?’ என்பார். கடையாள் என்று சொன்னாலும், ‘துட்டி யாருக்கு, நீ அவருக்கு யாரு?’ என்பார். எடுத்தாலும் அந்தக் கேள்வி. எடுக்காவிட்டாலும் அந்தக் கேள்வி. எடுக்காவிட்டால் மாலை வாங்கிக்கொண்டு அண்ணாச்சி பன்னிரண்டு மணி பஸ்ஸில் நேரே ராமசுப்பு வீட்டு வாசலில் போய் இறங்குவார்.

“பூமியா உள்ள?” அடுப்படியிலிருந்து சண்முகவடிவின் குரல் வந்தது. “தீட்டுக்காரன் தொடாதப்பா, இரு, கை முழுக்க மாவா இருக்கு, கழுவிட்டு வாரேன்.”

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கஸ்தூரி தவழ்ந்து வந்து அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தூக்கு என்று அண்ணாந்து பார்த்தாள். இந்நேரம் மூக்கம்மாள் முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு நிரையில் குனிந்து பழம் எடுத்துக்கொண்டிருப்பாள். அவளைக் கூப்பிட ஓர் எண் இந்த உலகத்தில் கிடையாது. வெளியே பதினொன்றரை மணி பஸ் ஆளுக்காக உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் “சுழி, சுழி, சுழி” என்று கூவினான்.

அவன் கை கருவியின் மேலேயே இருந்தது. விரலுக்கடியில் அது நடுங்கிக்கொண்டு அடித்தது. அடுப்படியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.